சட்டியும் அகப்பையும்

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பது நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நின்று சொல்லிவந்த பழமொழி. அதனைக் கல்விக்கும் சொல்வர், செல்வத்திற்கும் சொல்வர். இக்காலப் பிள்ளைகளின் கைகளில் ஒளிரும் விளையாட்டுக் கருவிக்கு அதனைப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவி அகப்பை, அதனுள் வரும் விளையாட்டு சோறு, அவ்விளையாட்டை ஆக்கித் தரும் உருவாக்குநர் சமைப்பவர். இந்த அளவில் உவமை எளிது. ஆனால், ஓர் அகப்பை ஒரு நாட்டில் விலைபோக வேண்டுமாயின் சமைப்பவரும் அந்நாட்டவராய் இருத்தல் வேண்டுமா என்னும் வினா எழும்போது சிக்கல் தொடங்குகிறது.

'வேண்டும்' என்று அடித்துச் சொல்வோர் உளர். மண்ணின் படைப்பாளர் கைகொடுத்த கருவி வெல்லும். அவர் கைவிட்ட கருவி வீழும் என்பது அவர்தம் கொள்கை. 'அஃதெல்லாம் வீண்பேச்சு, விலையும் விளம்பரமுமே வெற்றியை முடிவு செய்யும்' என்று மறுப்போரும் உளர். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனுக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை உண்டு. அதற்கான காரணத்தை இடையிலே கூறுவேன்.

தோட்டத்து வானொலி

நான் பிறந்து வளர்ந்தது கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில். 1970களின் பிற்பகுதியில், பால்மரம் வெட்டித் திரும்பிய தந்தையார் குளித்து முடித்ததும் முதலில் கை வைப்பது தோல் உறையிட்ட டிரான்சிஸ்டர் வானொலியின் மீதுதான். பத்தாங் பெர்ஜுந்தையிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் அன்று இருந்த தோட்டங்களில், மெத்தை நாற்காலி இல்லாத வீடுகள் பல. வானொலி இல்லாத வீடு அரிது. எங்கள் தலைமுறை அறிந்த முதற் கையடக்கக் கருவி அதுவேயாகும்.

அக்கருவி ஏன் லயங்களை வென்றது? மலிவு ஒரு காரணம். மின்சாரம் குறித்த நேரம் மட்டுமே வந்த வீடுகளில் மின்கலத்தால் இயங்கியது மற்றொரு காரணம். எனினும், இவ்விரண்டு மட்டுமே இருந்திருப்பின் அது அலமாரியை அணி செய்யும் பொருளாகவே இருந்திருக்கும். 1946இல் மலாயா வானொலி தொடங்கிய காலந்தொட்டு அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. பின்னர் ஆறாம் அலைவரிசை என்றும், இன்று மின்னல் பண்பலை என்றும் அழைக்கப்பெறும் அந்த ஒலிபரப்பில் நம் நாட்டு எழுத்தாளர் எழுதிய நாடகங்கள் ஒலித்தன. நம் நாட்டுக் கலைஞர் நடித்தனர். நம் தோட்டத்தார் பெயர்கள் நேயர் விருப்பத்தில் வந்தன. தன் பெயர் வானொலியில் வரக் கேட்ட பாட்டி ஒருவர் அப்பெட்டியைக் கும்பிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

ஈண்டு ஒன்றைக் குறித்துக்கொள்க. கருவியைச் செய்தவர் தமிழரல்லர், மலேசியரும் அல்லர். அது வீட்டுக்குள் நுழைவதற்கு விலையும் மின்கலமும் வழி செய்தன. உள்ளே வந்தபின் அது குடும்பத்தில் ஒருவராவதற்கு உள்ளூர்ப் படைப்பாளர் வழி செய்தனர். 'நுழைதல்', 'நிலைத்தல்' என்னும் இவ்விரு சொற்களையும் உரைகல்லாகக் கொண்டு மேலே செல்வோம்.

விலையும் மின்கலமும் வென்ற கதை

கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கது நிந்தெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட கேம் பாய் ஆகும். அதன் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளியும் இல்லை. அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்ஸ், 1990இல் வந்த சேகாவின் கேம் கியர் ஆகிய இரண்டும் வண்ணத்திரையும் பின்னொளியும் கொண்டவை. கண்ணுக்கு அழகாய் இருந்த அவ்விரண்டும் தோற்றன. மங்கலான கேம் பாய் வென்றது. அதன் பின்வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து 118 மில்லியனுக்கு மேல் விற்பனையாயிற்று.

இதற்குக் காரணம் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கேம் கியர் ஆறு மின்கலங்களை விழுங்கிச் சில மணி நேரத்தில் அணைந்துவிடும். கேம் பாய் நான்கு மின்கலங்களோடு பதினைந்து மணி நேரம் போல் உழைக்கும். விலையும் குறைவு. கருவியை வடிவமைத்த குன்பே யொக்கோய், புதுமை மங்கிய மலிவான பொறியை எடுத்துப் புதிய வழியில் பயன்படுத்துவதையே தம் நெறியாகக் கொண்டவர். தோட்டத்து வானொலியை வீட்டுக்குள் கொணர்ந்த அதே இரண்டு காரணங்கள் இங்கும் தொழிற்பட்டதைக் காண்கிறோம்.

அக்கருவியை உலகெங்கும் கொண்டு சென்ற விளையாட்டு எது? டெட்ரிஸ். அதனை 1980களின் நடுவில் ஆக்கியவர் மாஸ்கோவில் அறிவியற் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ். அமெரிக்காவில் அவ்விளையாட்டைக் கருவியோடு சேர்த்தே விற்றனர். கருவி சப்பானியருடையது, விளையாட்டு உருசியருடையது, வாங்கியவர் அமெரிக்கர். அமெரிக்க உருவாக்குநரின் ஆதரவு அங்கே எங்கே வந்தது? விழும் கட்டைகளை அடுக்குவதற்கு மொழி வேண்டியதில்லை, நாடும் வேண்டியதில்லை. 1990களில் நம் ஊர்ப் பசார் மாலாம் கடைகளில் சில வெள்ளிக்கு விற்ற மலிவுக் கருவிகளிலும் இக்கட்டை விளையாட்டே இருந்ததைப் பலர் நினைவுகூரக்கூடும். எனவே, மண்ணின் படைப்பாளர் இன்றிக் கருவி வெல்லாது என்னும் கூற்று முதற்படியிலேயே தடுமாறுகிறது.

ஆயினும், கதை அத்துடன் முடியவில்லை. 1990களின் நடுவில் கேம் பாய் முதுமையடைந்தது. அதன் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். 1996 பிப்ரவரியில் போக்கெமோன் வெளிவந்தது. அதனை ஆக்கிய சத்தோஷி தஜிரி, தோக்கியோவின் புறநகரில் பூச்சி பிடித்துத் திரிந்த தம் இளமைக் காலத்தையே விளையாட்டாக்கினார். வயலும் குளமும் கட்டடங்களாக மாறிய ஊரில், பூச்சி பிடிக்கும் இன்பத்தை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு தருவது என்பதே அவர் எண்ணம். பிடிப்பதும் சேர்ப்பதும் நண்பனோடு மாற்றிக்கொள்வதும் அதன் உயிர்நாடி. அது முதலில் தன் நாட்டுப் பிள்ளைகளை ஈர்த்தது. ஈராண்டில் கடல் கடந்தது. முதுமையடைந்த கருவிக்கு மறுவாழ்வு தந்தது. விலையால் நுழைந்த கருவியை ஒரு மண்ணின் நினைவு நிலைபெறச் செய்தது எனலாம்.

ஆதரவு இருந்தும் தோற்றவை

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். அதே யொக்கோய், நிந்தெண்டோவை விட்டு விலகியபின் வேறொரு கருவியின் வடிவமைப்பில் பங்கேற்றார். அது 1999இல் பண்டாய் நிறுவனத்தின் பெயரில் வொண்டர்சுவான் என வந்தது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1997இல் விபத்தொன்றில் மறைந்தார். ஒரே மின்கலத்தில் நெடுநேரம் இயங்கிய கருவி அது. விலை 4,800 யென் மட்டுமே. சப்பானில் மட்டும் விற்பனையான அதற்கு உள்ளூர்ப் படைப்பாளரின் துணையும் இருந்தது. அந்நாட்டின் பெரும்புகழ் பெற்ற ஃபைனல் ஃபேண்டசி வரிசையின் முதல் விளையாட்டு, புதுப்பொலிவுடன் 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதன் வண்ண வடிவத்திற்கு வந்தது. மலிவு, மின்கலம், மண்ணின் படைப்பாளர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. ஆயினும் 2003இல் அதன் வாழ்வு முடிந்தது. 2001இல் வந்த கேம் பாய் அட்வான்சு, பழைய கேம் பாய் விளையாட்டுகள் அனைத்தையும் தாங்கும் ஆற்றலோடு எதிர்நின்றது. மக்கள் வீட்டில் ஏற்கெனவே நிறைந்திருந்த சட்டியை விட்டு வர விரும்பவில்லை.

சோனி நிறுவனத்தின் கதை இதனினும் நுட்பமானது. 2004இல் சப்பானில் வெளிவந்த அதன் பி.எஸ்.பி. கருவிக்கு, கேப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹன்டர் வரிசை பெருந்துணையாயிற்று. நால்வர் அருகருகே அமர்ந்து, கம்பியின்றிக் கருவிகளை இணைத்துக்கொண்டு ஒரு பெருவிலங்கை வேட்டையாடுவர். தொடர்வண்டியில் நெடுநேரம் பயணம் செய்வதும், பள்ளி முடிந்து உணவகத்தில் கூடுவதும் வழக்கமான நாட்டின் வாழ்க்கைமுறைக்கு அது நன்கு பொருந்திற்று. 2010 இறுதியில் வந்த அவ்வரிசையின் மூன்றாம் கையடக்க விளையாட்டு, சப்பானில் மட்டுமே நான்கு மில்லியன் படிகளைக் கடந்தது. மகிழுந்தில் தனித்தனியே செல்லும் மேலைநாட்டாரிடையே அத்தகைய பெருமுழக்கம் எழவில்லை. மண்ணின் படைப்பாளர் தம் மண்ணின் பழக்கத்தை அறிந்து ஆக்கினால் கருவி அம்மண்ணில் வேரூன்றும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அடுத்து வந்த பிளேஸ்டேஷன் வீட்டாவின் நிலை என்ன? அது சப்பானில் 2011 டிசம்பர் 17இல் வெளிவந்தது. அதற்குச் சரியாக ஒரு வாரத்திற்கு முன், டிசம்பர் 10இல், மான்ஸ்டர் ஹன்டர் வரிசையின் புதிய விளையாட்டு நிந்தெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்துவிட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளிவந்து தடுமாறிக்கொண்டிருந்த 3டிஎஸ், ஆகத்தில் தன் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைத்திருந்தது. விலைக் குறைப்பும் படைப்பாளரின் வருகையும் ஒருங்கே அமைந்த 3டிஎஸ் உலகெங்கும் ஏறத்தாழ 76 மில்லியன் விற்றது. திறனில் சிறந்த வீட்டாவோ அதன் அருகிலும் வர இயலாமல் 2019இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இங்கே வென்றது விலையா, படைப்பாளரா என்று கேட்போர்க்கு, இரண்டையும் பிரித்தல் இயலாது என்பதே நேர்மையான விடையாகும்.

இந்தியாவில் நிகழ்ந்த சோதனை

இதுகாறும் கூறியவை கருவி பிறந்த நாட்டைப் பற்றியன. கருவியைச் செய்யாது வாங்க மட்டும் செய்யும் நம்போன்றோர்க்கு, இந்தியாவில் நிகழ்ந்த சோதனையே நெருங்கிய பாடமாகும்.

2009, 2010ஆம் ஆண்டுகளில் சோனியின் கருவிகளுக்கு இந்திய உருவாக்குநரே விளையாட்டுகளை ஆக்கினர். ஐதராபாத்தைச் சேர்ந்த கேம்சாஸ்த்ரா, 'தேசி அட்டா' என்னும் விளையாட்டைத் தந்தது. அதில் கபடி இருந்தது, கில்லி இருந்தது, பட்டம் விடுதல் இருந்தது. மும்பையின் டிரைன் நிறுவனம் தெருக் கிரிக்கெட்டை விளையாட்டாக்கியது. இவை இரண்டும் வீட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 2க்கும் கையடக்கமான பி.எஸ்.பி.க்கும் வந்தன. தெருவில் ஆடியதைத் திரையில் ஆடலாம் என்பது நல்ல எண்ணமே. மண்ணின் படைப்பாளரின் ஆதரவு என்று எதனைச் சொல்கிறோமோ அது இங்கே கண்கூடாக இருந்தது.

ஆனால், பி.எஸ்.பி. இந்திய மக்களின் கருவியாகவில்லை. அந்த இடத்தைச் சில ஆண்டுகளில் கைப்பேசி பிடித்துக்கொண்டது. காரணங்களை ஆராய்வோம். முதலாவது, நுழைவாயில் குறுகியது. பெருவாரியான குடும்பங்களுக்குக் கருவியின் விலையே எட்டாக்கனி. இரண்டாவது, ஆதரவு காலந்தாழ்ந்து வந்தது. கருவி பிறந்து ஐந்தாண்டு கழிந்தபின், அதன் வாழ்நாள் சரியத் தொடங்கிய வேளையில் வந்த துணை அது. மூன்றாவது, ஓரிரு விளையாட்டுகள் ஒரு மரபை உருவாக்கா. நான்காவது காரணம் திறனாய்வாளர் சிந்திக்க வேண்டியது. தெருவில் இறங்கினால் செலவின்றி ஆடக்கூடிய கபடியை, விலை கொடுத்துத் திரையில் ஆடுவதற்குத் தனிக்காரணம் வேண்டும். தஜிரி பூச்சி பிடிப்பதை அப்படியே படியெடுத்துத் தரவில்லை. அதன் இன்பத்தைப் பிழிந்து புதியதோர் உலகமாக்கினார். மண்ணின் பெயரை ஒட்டுவது வேறு. மண்ணின் சாற்றைப் பிழிவது வேறு.

மேலைநாட்டுச் சான்று ஒன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. பிரேசில் நாட்டில் சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் வீட்டுக் கருவியை விற்ற டெக்டோய் நிறுவனம், அதனை உள்நாட்டிலேயே தயாரித்தது. 1991இல் அந்நாட்டுப் பிள்ளைகள் நன்கறிந்த சித்திரக்கதைச் சிறுமி மோனிகாவைத் தலைவியாக்கி ஒரு சப்பானிய விளையாட்டை மாற்றித் தந்தது. நெடுங்கதை கொண்ட விளையாட்டொன்றைப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்த்தது. பிற நாடுகள் மறந்துவிட்ட அக்கருவி பிரேசிலில் நெடுங்காலம் வாழ்ந்தது. உள்நாட்டு உற்பத்தி வாயிலை அகலமாக்கிற்று. மொழியும் நாயகியும் உள்ளே வந்ததை நிலைக்கச் செய்தன. இந்தியாவில் இரண்டாவது இருந்தது; முதலாவது இல்லை.

வெண்பா என்னும் விளையாட்டு

இனி, என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எம் பள்ளி மாணவன் ஒருவன் விதியை மீறிக் கையடக்க விளையாட்டுக் கருவியொன்றைப் பையில் கொணர்ந்தான். ஐந்தாம் ஆண்டு மாணவன். தமிழ் வாசிப்பில் பின்தங்கியவன். கருவியைப் பறித்து என் அலமாரியில் பூட்டினேன். மறுநாள் சபைக்கூடலில், கருவிகள் தமிழை அழிக்கின்றன என்று நெடிய உரையும் ஆற்றினேன். ஆசிரியர் சிலர் பாராட்டினர். அவன் தலை கவிழ்ந்து நின்றது மட்டும் என் கண்ணில் நின்றது.

அவன் தாயார் வந்து கருவியைப் பெற்றுச் சென்ற வாரத்தில், தலைநகரில் பணிபுரியும் என் மருமகன் வீட்டிற்கு வந்தான். 'மாமா, உங்களுக்குப் பிடிச்ச பேர்ல ஒரு கேம் இருக்கு' என்று அவன் காட்டியதே 'வெண்பா'. கனடா நாட்டுத் தொரொந்தோ நகரைச் சேர்ந்த விசை நிறுவனம் ஆக்கி, 2023 சூலை 31இல் நிந்தெண்டோ சுவிட்ச் உள்ளிட்ட கருவிகளுக்கு வெளியிட்ட விளையாட்டு அது. யாப்பிலக்கணத்தில் மட்டுமே கேட்டுப் பழகிய பெயரைத் திரையில் கண்டதும் வியப்பால் அமர்ந்துவிட்டேன்.

1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரைச் சுற்றியது கதை. ஆடுவோர் செய்யவேண்டியது சமைப்பது. தாய் எழுதித் தந்த சமையற் குறிப்பேடு பழுதடைந்து சில இடங்கள் அழிந்திருக்கும். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக் குழலில் எதனை முதலில் இடுவது என்று விடுபட்ட இடத்தை ஆடுவோரே சிந்தித்து நிரப்ப வேண்டும். சிதைந்த ஏட்டுச்சுவடியில் விடுபட்ட சொல்லைத் தேடும் பதிப்பாசிரியர் வேலைக்கு இஃது ஒப்பானது. மகன் வளர வளர ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறான்; தாயின் மொழி அவனுக்கு மங்குகிறது. பின்னொரு நாள் அவனே அக்குறிப்பேட்டைத் திறந்து, தாயின் தமிழ் எழுத்தை முழுதாகப் படிக்க இயலாமல் தடுமாறுகிறான். அவ்விடத்தில், முன்பு எளிதாய் இருந்த விளையாட்டு நமக்கும் கடினமாகிறது. மொழியை இழப்பது எத்தகையது என்பதைச் சொற்பொழிவு உணர்த்துவதில்லை, இத்தடுமாற்றம் உணர்த்துகிறது. சபைக்கூடலில் நான் செய்ய முயன்று தோற்றதை அவ்விளையாட்டு செய்து முடித்தது.

குறையும் உண்டு. உரையாடலின் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றது. தமிழறியாத உலகிற்குத் தமிழ்க் குடும்பத்தை அறிமுகம் செய்யும் நோக்கு ஆங்காங்கே மேலோங்குகிறது. அளவிலும் சிறியது, ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். தந்தையின் பாத்திரம் இன்னும் விரிந்திருக்கலாம். எனினும், 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், அதே ஆண்டில் தனி உருவாக்குநர்க்கான அனைத்துலக விழாவின் முதன்மைப் பரிசையும் அது பெற்றது, தகுதியால் பெற்றதே.

எம் மாணவனை அலுவலகத்திற்கு அழைத்து அதனைக் காட்டினேன். குறிப்பேட்டின் பக்கத்தில் இருந்த தமிழ் எழுத்துகளை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, யாரும் சொல்லாமலே படித்தான். பிறகு நிமிர்ந்து, 'ஐயா, இதுக்குள்ள நம்ம எழுத்து எப்படி வந்துச்சு?' என்று கேட்டான். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற்கு நான் தேடிய விடையே.

எழுத்து எப்படி வந்தது?

சுவிட்ச் கருவி 2017இல் வெளிவந்தது. இதுவரை 150 மில்லியனுக்கு மேல் விற்றிருக்கிறது. அவ்வெற்றியில் வெண்பாவின் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். புனேயில் ஆக்கப்பெற்று 2020இல் முதலில் சுவிட்சில் வெளிவந்த 'ராஜி'யின் பங்கும் அத்தகையதே. நம் நாட்டு மெட்ரோனோமிக் நிறுவனம் 2020இல் தந்த 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்', 2025இல் வந்த உப்பின் இப்பின் விளையாட்டு ஆகியவற்றையும் இவ்வரிசையில் வைக்கலாம். இவற்றுள் எதுவும் கருவியின் விற்பனை வரலாற்றைத் திருப்பிவிடவில்லை. ஆகவே, உலகச் சந்தையின் வெற்றியை வட்டார உருவாக்குநர் முடிவு செய்கின்றனர் என்னும் கூற்றை மறுக்கவே வேண்டியுள்ளது.

ஆனால், வெற்றி என்பது விற்பனைக் கணக்கு மட்டுமோ? விற்றவனுக்கு அது போதும். வாங்கியவனுக்குப் போதாது. முத்து நெடுமாறன் நம் நாட்டில் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோது, தமிழில் தட்டச்சிட முடிகிறது என்பதற்காகக் கணினி கூடுதலாக விற்றதென்று எவரும் கணக்கெழுதவில்லை. 2005இல் அவருடைய செல்லினம் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொணர்ந்தபோதும் அவ்வாறே. ஆனால், அதன்பின் அக்கருவிகள் தமிழரின் கருவிகளாயின. தமிழாசிரியர் வினாத்தாள் தட்டச்சிட்டதும், தாத்தா பேரனுக்குத் தமிழில் வாழ்த்து அனுப்பியதும் அத்தகைய முயற்சிகளால்தான். கருவியின் ஆயுளை அவை நீட்டினவோ என்னவோ, கருவிக்குள் தமிழின் ஆயுளை நீட்டின.

கம்போங் குவாந்தானில் மின்மினி காணப் படகேறுவோர், ஆற்றங்கரைப் பெரம்பாங் மரங்களில் ஒளி விட்டுவிட்டு மின்னுவதைக் கண்டு மரத்தையே வியப்பர். அப்பூச்சியின் புழுப்பருவம் கழிவது அம்மரத்தில் அன்று. கரைக்குப் பின்னுள்ள சேற்றுப் புதரில், சிறு நத்தைகளைத் தின்று அது வளர்கிறது. புதரை அழித்துவிட்டு மரத்தை மட்டும் காப்பாற்றினால் மரம் இருக்கும், ஒளி இராது. உருவாக்குநர் ஆதரவு என்பதும் இத்தகையதே. கருவி கண்ணுக்குத் தெரியும் மரம். அதில் ஒளிரும் தமிழ், வகுப்பறை, நூலகம், நாடகமேடை, ஓவியப் பயிற்சி, கணினிக் கழகம் ஆகிய புதர்களில் வளரவேண்டியது. விசை நிறுவனத்தார்க்கு அத்தகைய கதையைச் சொல்ல வரத் தமிழ் முதலில் அவர்தம் வீட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும்.

முடிவாக

ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம். ஒரு கையடக்கக் கருவி ஒரு நாட்டில் நுழைவதை விலையும் மின்கலமும் கிடைக்கும் எளிமையும், எந்நாட்டதாயினும் எல்லாரையும் ஈர்க்கும் ஒரு நல்ல விளையாட்டும் முடிவு செய்கின்றன. அது நிலைப்பதை, அம்மண்ணின் பழக்கத்தையும் நினைவையும் அறிந்த படைப்பாளர் முடிவு செய்கின்றனர். அதுவும் அவர் காலத்தே வந்தால், தொடர்ந்து வந்தால், பெயரை ஒட்டாமல் சாற்றைப் பிழிந்தால் மட்டுமே. மூன்றாவதாக ஒன்றுண்டு. கருவி வென்றாலும் தோற்றாலும், அதனுள் நம் மொழி இருந்ததா இல்லையா என்பதை நாம் மட்டுமே முடிவு செய்கிறோம்.

தமிழாசிரியப் பெருமக்களே, 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பெற்ற மாதங்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் கைகளில் கருவி இருந்தது. அவர்களை அதில் தமிழோடு ஒரு மணி நேரம் இருத்தி வைக்கத்தக்கவை நம்மிடம் எத்தனை இருந்தன? அகப்பை கைவசம் இருந்தும் சட்டி வெறுமையாய்க் கிடந்ததை நாம் கண்ணால் கண்டோம். நிரல் எழுதும் ஆற்றல் நமக்கு இல்லாதிருக்கலாம். கதை நமக்குத் தெரியும். பிழையற்ற தமிழ் நமக்குத் தெரியும். பல்லாங்குழியின் கணக்கும் கிட்டிப்புள்ளின் விதியும் தோட்டத்து இரவின் அச்சமும் நமக்குத் தெரியும். பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக் கலை பயிலும் நம் முன்னாள் மாணவர்களுக்கு இவற்றைத் தருதல் நம் கடன். மாணவர்களே, உங்களில் ஒருவர் நாளை ஒரு விளையாட்டை ஆக்கினால், அதன் பெயரை மட்டும் தமிழில் வைத்து அமைதியடைய வேண்டா.

அலமாரிப் பூட்டை நான் இன்னும் எடுத்துவிடவில்லை. பள்ளி விதி விதியே. ஆனால், சபைக்கூடலில் அவ்வுரையை மீண்டும் ஆற்றியதில்லை. எம் மாணவனின் வினாவுக்கும் இன்று விடை சொல்வேன்: தம்பி, அது தானாக வரவில்லை, யாரோ ஒருவர் கொண்டுவந்து வைத்தார். அடுத்து வைக்கவேண்டியவன் நீ.